ஜூரோங் ஏரிக்கரையில் பழைய வீடு: எதற்கு எவ்வளவு கொடுக்கலாம்?

சிங்கப்பூரில் தாமான் ஜூரோங், லேக்சைட் பக்கம் மறுவிற்பனை வீடு தேடும் குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. இடம் அருமை, வீடுதான் பழசு. வாங்கலாமா, வேண்டாமா?

இந்தக் கேள்விக்குள் இரண்டு வயது கலந்திருக்கிறது. ஒன்று வட்டாரத்தின் வயது. மரம் வளர, சந்தை நிலைக்க, பள்ளிக்குப் பெயர் வர ஆண்டுகள் ஆகும். அந்த ஆண்டுகளை ஏற்கெனவே வேறு யாரோ கழித்துவிட்டார்கள். இன்னொன்று வீட்டின் 99 ஆண்டு குத்தகையின் வயது. அது ஓட ஓட வீட்டில் மிச்சம் குறைகிறது. விற்பவர் இரண்டுக்கும் சேர்த்து ஒரே விலைதான் சொல்வார். அதைப் பிரித்துப் பார்ப்பது வாங்குபவரின் வேலை.

ஏரியிலிருந்தே தொடங்கலாம். ஜூரோங் ஏரி இயற்கையாக அமைந்ததல்ல. 1971ல் ஜூரோங் ஆற்றை மறித்து அணை கட்டியதில் தேங்கிய நீர் அது. ஏன் கட்டினார்கள் என்பதில்தான் இந்த வட்டாரத்தின் குணமே இருக்கிறது. 1961ல் அன்றைய நிதியமைச்சர் கோ கெங் சுவீ சதுப்பு நிலத்தில் தொழிற்பேட்டை தொடங்கியபோது, அது உருப்படாது என்று பலர் நினைத்தார்கள். 'கோவின் மடமை' என்றுகூடப் பெயர் வைத்தார்கள். ஆலைகள் வந்தன, ஆனால் ஆட்கள் அங்கே குடியேறத் தயங்கினார்கள். காலையில் வேலைக்கு வந்து, மாலையில் நகருக்குத் திரும்பிவிடுவார்கள். ஆகவே 1968ல் தொடங்கிய ஜூரோங் நகராண்மைக் கழகம் ஆலைகளோடு நிற்காமல், வாழ்வதற்கான இடத்தையும் சேர்த்தே உருவாக்கியது. 1971ல் பறவைப் பூங்கா, அதே ஆண்டு யுவான் சிங் சாலையில் காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளித் திரையரங்கு, 1973ல் ஜப்பானியத் தோட்டம், 1975ல் சீனத் தோட்டம் என்று ஒவ்வொன்றாக வந்தன. தொழிலாளர்களுக்கான அடுக்குமாடி வீடுகளையும் அந்தக் கழகமே கட்டியது. 1982ல் அவை வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (இனி சுருக்கமாகக் 'கழகம்') கைக்கு மாறின.

பணக்காரர்களின் பங்களாக்களுக்கு முன்னால் அழகுக்காக வைத்த ஏரி அல்ல இது. ஆலையில் வேலை பார்த்தவர்கள் குடும்பத்தோடு தங்க வேண்டும் என்பதற்காக அரசு செலவு செய்து உண்டாக்கிய பொது இடம். இன்றும் அப்படித்தான். கரையில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம். 2019ல் லேக்சைட் தோட்டம் திறந்தது. சீன, ஜப்பானியத் தோட்டங்கள் புதுப்பிக்கப்பட்டு 2024ல் மீண்டும் திறந்தன. எல்லாம் சேர்ந்து 90 ஹெக்டேர் தேசியத் தோட்டம். குடியிருப்பு வட்டாரங்களுக்கு நடுவே அமைந்த முதல் தேசியத் தோட்டம் இதுதான். கட்டணம் கிடையாது.

அதனால் என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏரிக்குப் பக்கத்தில் இருப்பதற்குக் கொடுங்கள், ஜன்னலில் ஏரி தெரிவதற்குக் கொடுக்காதீர்கள். முன்னது உங்களிடமிருந்து போகாது. பின்னது உங்கள் கையில் இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு யுவான் சிங் சாலையே சாட்சி. அங்கே 1970களில் தொடங்கிய 99 ஆண்டு குத்தகை நிலத்தில் இரண்டு பழைய தனியார் குடியிருப்புகள் இருந்தன. 2022ல் இரண்டும் கூட்டு விற்பனையில் போயின. பார்க் வியூ மேன்ஷன்ஸ் இருந்த இடத்தில் 160 வீடுகள் இருந்தன. அங்கே இப்போது வருகிற சோரா கொண்டோமினியத்தில் 440 வீடுகள். லேக்சைட் அப்பார்ட்மெண்ட்ஸ் இருந்த இடத்தில் லேக்கார்டன் ரெசிடென்சஸ் எழுகிறது. சாலைக்கு உட்பக்கம் யுங் ஆன் சாலை, யுங் லோ சாலை போன்ற இடங்களில் இருக்கிற கழக வீடுகளுக்கும் தண்ணீருக்கும் இடையில் என்ன இருக்கிறது, நாளைக்கு என்ன வரலாம் என்பதை நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பெருந்திட்ட வரைபடத்தில் பார்த்துவிடலாம். ஒவ்வொரு மனையிலும் எவ்வளவு அடர்த்தியாகக் கட்டலாம் என்ற விகிதம் அதில் போட்டிருக்கும். எதிரில் இருக்கும் கட்டடம் குட்டையாகவும் விகிதம் பெரிதாகவும் இருந்தால், அந்தக் காட்சிக்கு ஆயுள் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏஜெண்ட் 'லேக் வியூ' என்று சொல்லி இருபதாயிரம், முப்பதாயிரம் வெள்ளி கூட்டும்போது இதைத்தான் முதலில் திறந்து பார்க்க வேண்டும்.

சரி, பக்கத்தில் இருப்பதால் என்ன கிடைக்கிறது? யுங் ஷெங் சாலையில் தாமான் ஜூரோங் சந்தையும் உணவங்காடி நிலையமும் பல்லாண்டுகளாக இருக்கின்றன. லேக்சைட் எம்ஆர்டி நிலையம் 1988ல் திறந்தது. ஜூரோங் ஈஸ்ட் ஸ்திரீட் 21ல் அருள்மிகு முருகன் கோயில் இருக்கிறது. தைப்பூசத்துக்கும் கந்த சஷ்டிக்கும் ஊரைக் கடந்து போக வேண்டாம் என்பது பெரியவர்கள் இருக்கும் வீட்டில் சின்ன விஷயமில்லை. பக்கத்தில் தெங்காவில் புது நகரம் எழுகிறது, வீடுகளும் புதியவை. ஆனால் அங்கே குடியேறுகிறவர்கள் கடைக்கும் பஸ்ஸுக்கும் நிழலுக்கும் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். தாமான் ஜூரோங்கில் அந்தக் காத்திருப்பு முடிந்துபோன ஒன்று.

குறையும் உண்டு. தாமான் ஜூரோங்கின் தென்பகுதியிலிருந்து எம்ஆர்டி நிலையத்துக்கு நடந்து போவது சிரமம், பஸ் பிடிக்க வேண்டும். ஆயர் ராஜா விரைவுச்சாலையைத் தாண்டினால் தொழிற்பேட்டை. லேக்சைட் நிலையத்தை ஒட்டிய புளோக்குகளில் மேம்பாலத்தில் ஓடும் ரயிலின் சத்தம் இரவில் நன்றாகக் கேட்கும். தண்ணீர்ப் பக்கம் என்றாலே மழைக்குப் பிறகு விளக்கைச் சுற்றும் பூச்சிகளும் இருக்கும்.

கூட்டினால் 95

இப்போது குத்தகை. இந்தப் பக்கத்துக் கழக வீடுகளில் பல 1970களிலும் 80களிலும் கட்டியவை. 99 ஆண்டில் ஏறக்குறைய பாதி ஓடிவிட்ட வீடுகள் இருக்கின்றன. 99 முடிந்ததும் வீடு அரசுக்குத் திரும்பும், இழப்பீடு கிடையாது. அது ஏட்டில் மட்டும் இருக்கிற விதி என்று நினைப்பவர்கள் கேலாங் லோரோங் 3ஐப் பார்க்கலாம். அங்கே 60 ஆண்டு குத்தகையில் இருந்த 191 தனியார் வரிசை வீடுகள் 2020 டிசம்பர் 31ஆம் தேதி குத்தகை முடிந்து அரசின் நிலமாகின.

'அதற்குள் அரசாங்கம் வீட்டை எடுத்துக்கொண்டு புது வீடு கொடுத்துவிடும்' என்ற பேச்சு காப்பிக் கடையில் இன்னும் கேட்கிறது. முழு புளோக்கையும் எடுத்து மறுகட்டுமானம் செய்யும் பழைய திட்டத்துக்குத் தகுதி பெற்றவை மொத்தக் கழக வீடுகளில் சுமார் 5 விழுக்காடுதான். 2018ல் அறிவித்த விருப்ப மறுமேம்பாட்டுத் திட்டம், வீடு ஏறக்குறைய 70 வயதாகும்போது குடியிருப்பாளர்களின் வாக்கைக் கேட்டு நடப்பது. பழைய திட்டத்தின் அளவுக்கு அதில் தொகை தாராளமாக இருக்காது என்பதையும் அப்போதே சொல்லிவிட்டார்கள். அதை நம்பி விலை பேசக்கூடாது.

அன்றாட வாழ்வில் குத்தகை உங்களைத் தொடுவது அதற்கெல்லாம் முன்பே, சம்பளத்திலிருந்து கட்டாயமாகச் சேரும் மத்திய சேம நிதியில். 2019 மே மாதம் முதல் இருக்கும் விதி எளிது. வாங்குபவர்களில் இளையவரின் வயதையும் வீட்டில் மிச்சமிருக்கும் குத்தகையையும் கூட்டுங்கள். 95 அல்லது அதற்கு மேல் வந்தால் சேம நிதியை வீட்டு மதிப்பு வரைக்கும் முழுமையாகப் பயன்படுத்தலாம். வராவிட்டால் அந்த விகிதத்துக்கு ஏற்பக் குறையும். குறைந்தது 20 ஆண்டு குத்தகையாவது மிச்சம் இருக்க வேண்டும்.

ஒரு தம்பதியை வைத்துப் பார்ப்போம். கணவருக்கு 33, மனைவிக்கு 30. பார்த்த வீட்டில் 52 ஆண்டு மிச்சம். 30ம் 52ம் 82. போதாது. சேம நிதி குறையும், கழகக் கடனின் விழுக்காடும் குறையும், கைக்காசு அதிகம் வேண்டும். அதே வீட்டை 45 வயதுக்காரர்கள் வாங்கினால் 97 வந்துவிடும். அவர்களுக்கு இந்தத் தடையே இல்லை. ஆகவே ஒரே வீடு ஒருவருக்கு நல்ல விலை, இன்னொருவருக்குத் தப்பான விலை. அதைவிட முக்கியம், பத்தாண்டு கழித்து நீங்கள் விற்கும்போது குத்தகையில் 42தான் இருக்கும். அதை முழுச் சேம நிதியோடு வாங்க வருகிறவருக்கு 53 வயதாவது ஆகியிருக்க வேண்டும். இளம் தம்பதிகள் பெரும்பாலும் விலகிப்போவார்கள், வாங்குபவர் கூட்டம் சுருங்கும். பழைய வீட்டின் விலையில் இது ஏற்கெனவே கழிந்திருக்கிறதா என்று கேளுங்கள். பக்கத்துப் புது புளோக்கின் விலையையே பழைய வீட்டுக்கும் கேட்டால், இன்னும் கழியவில்லை என்று அர்த்தம்.

இளையவர்கள் பழைய வீட்டைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சாகும்வரை இருக்கப் போகும் வீடா, பத்து ஆண்டுக்கான வீடா என்று முதலில் முடிவெடுத்தால் கணக்கு தானே வழிக்கு வரும்.

கைக்காசு எங்கே போகிறது

கழக வீடு வாங்க முதலில் தகுதிக் கடிதம் வேண்டும். எவ்வளவு கடன், எவ்வளவு மானியம் என்பது அதில் வந்துவிடும். கழகக் கடன் 2024 ஆகஸ்ட் முதல் விலை அல்லது மதிப்பு, இரண்டில் குறைந்ததற்கு 75 விழுக்காடு வரைதான். மாதத் தவணை குடும்பத்தின் மொத்த வருமானத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது.

600,000 வெள்ளிக்கு விலை பேசி முடித்த வீட்டைக் கழகம் 580,000 என்று மதிப்பிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 20,000 வித்தியாசத்துக்குக் கடனும் கிடையாது, சேம நிதியும் தொட முடியாது. முழுக்கக் கைக்காசு. கடன் 580,000க்கு 75 விழுக்காடு, அதாவது 435,000. 2.6 விழுக்காடு வட்டியில் 25 ஆண்டுக்கு மாதம் சுமார் 1,975 வெள்ளி. அதற்குக் குடும்ப வருமானம் ஏறக்குறைய 6,600 வெள்ளி வேண்டும். முத்திரைத் தீர்வை 12,600 வெள்ளி. முதல் வீடு வாங்கும் நிரந்தரவாசிகளுக்கு இதற்கு மேல் 5 விழுக்காடு கூடுதல் தீர்வை, அதாவது இன்னும் 30,000 வெள்ளி.

மதிப்பீடு எப்போது தெரியவரும் என்பதைக் கவனிக்க வேண்டும். விலை பேசி, வீட்டை வாங்கும் உரிமையைத் தரும் உரிமைப் பத்திரத்தை விற்பவர் கொடுத்த பிறகுதான் வாங்குபவர் மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க முடியும். ஏரிக் காட்சிக்காக நீங்கள் மனசாரக் கூட்டிக் கொடுத்த தொகை இந்த இடத்தில்தான் கைக்காசாக மாறி வந்து நிற்கும். அருகில் சமீபத்தில் விற்ற வீடுகளின் விலை கழகத்தின் இணையத்தளத்தில் புளோக் வாரியாக, மாடி வாரியாக இருக்கிறது. அதைப் பார்க்காமல் பேரத்துக்கு உட்காரவே கூடாது.

முதல் முறை வாங்கும் குடிமக்கள் தம்பதிக்கு நான்கறை வரையிலான மறுவிற்பனை வீட்டுக்கு 80,000 வெள்ளி, ஐந்தறையும் அதற்கு மேலும் என்றால் 50,000 வெள்ளி மானியம். பெற்றோருக்கு 4 கிலோமீட்டருக்குள் வாங்கினால் 20,000, அவர்களோடு சேர்ந்தே இருந்தால் 30,000. அப்பா அம்மா பூன் லேயிலோ ஜூரோங் வெஸ்டிலோ இருக்கிறவர்கள் இதை அளந்து பார்க்க வேண்டும். பெற்றோர் பேரக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களில் மானியத்தைவிட அந்தத் தூரமே பெரிய லாபம்.

இன ஒதுக்கீடு: நமக்கு மட்டும் கூடுதலாக ஒரு கணக்கு

தமிழர்கள் கழக வீடு வாங்கும்போது மற்ற வழிகாட்டிகளில் ஒரே வரியில் கடந்துபோகும் ஒரு விஷயத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். இன ஒருங்கிணைப்புக் கொள்கை 1989 மார்ச்சில் வந்தது. ஒவ்வொரு புளோக்கிலும், பல புளோக்குகள் சேர்ந்த ஒவ்வொரு பேட்டையிலும் ஒவ்வோர் இனத்துக்கும் உச்சவரம்பு. இந்தியர்களும் மற்ற இனத்தவரும் ஒரே பிரிவு. 2010 முதல் அந்தப் பிரிவின் வரம்பு பேட்டைக்கு 12 விழுக்காடு, புளோக்குக்கு 15 விழுக்காடு. சீனர்களுக்கு 84, 87. மலாய்க்காரர்களுக்கு 22, 25.

இந்தியப் பிரிவு நிரம்பிய புளோக்கில் நீங்கள் வாங்க வேண்டுமானால் விற்பவரும் அதே பிரிவாக இருக்க வேண்டும். சீனர் ஒருவர் விற்கும் வீடு எவ்வளவு பிடித்திருந்தாலும் வாங்க முடியாது. வரம்பின் நிலை மாதத்தின் முதல் நாள் புதுப்பிக்கப்படும். கழகத்தின் இணையத்தளத்தில் புளோக் எண்ணைத் தட்டினால் தெரிந்துவிடும். வீட்டைப் பார்க்கப் போவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். பார்த்து, பிடித்துப்போய், பிள்ளைகள் தங்கள் அறையைத் தேர்வு செய்த பிறகு தெரிந்தால் வலிக்கும்.

வாங்குவது இதில் பாதிதான். கடினமான பாதி விற்பது. சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் உங்கள் வீட்டைச் சீனர்களுக்கு விற்க முடியாது. நாட்டின் வீடு வாங்குபவர்களில் பெரும்பான்மையானவர்கள் அந்தக் கணத்தில் உங்கள் பட்டியலிலிருந்து விலகிவிடுகிறார்கள். மிஞ்சுகிறவர்கள் குறைவு, அவர்களுக்கும் அது தெரியும், பேரம் அவர்கள் பக்கம் சாயும். அதே மாடியில், அதே அளவுள்ள பக்கத்து வீட்டுச் சீனர் தன் வீட்டைச் சீனர்களுக்கும் விற்கலாம். கொள்கையின் நோக்கத்தை நான் மதிக்கிறேன். எல்லா இனமும் ஒரே மாடியில் இருப்பதால் என் பிள்ளைகள் இழந்தது ஒன்றுமில்லை, பெற்றதுதான் அதிகம். ஆனாலும் அந்த நன்மைக்கான செலவில் ஒரு பங்கு சிறுபான்மை விற்பனையாளர்களின் தலையில் விழுகிறது என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. அரசும் அதை ஒப்புக்கொண்டிருக்கிறது. நெடுநாள் முயன்றும் விற்க முடியாத உரிமையாளர்களின் வீட்டைத் தகுதி பார்த்துக் கழகமே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022ல் வந்தது.

ஆகவே வாங்கும்போதே இரண்டு வரம்பையும் பாருங்கள். இந்தியப் பிரிவு நிரம்பியிருக்கிறதா என்பது இன்று வாங்குவதற்கு. சீனர் பிரிவு நிரம்பியிருக்கிறதா என்பது நாளை விற்பதற்கு. சீனர் பிரிவு நிரம்பிய புளோக்கில் இந்திய உரிமையாளரிடம் வாங்குகிறீர்கள் என்றால், அவர் விலையில் விட்டுக்கொடுக்க வேண்டியதை நீங்களும் ஒருநாள் விட்டுக்கொடுக்க வேண்டிவரும்; அதை விலையில் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.

இந்தியாவிலிருந்து வந்து நிரந்தரவாசியானவர்களுக்கு இன்னும் இரண்டு வாசல். நிரந்தரவாசத் தகுதி கிடைத்து மூன்று ஆண்டு ஆகியிருக்க வேண்டும். மலேசியர் அல்லாத நிரந்தரவாசிகளுக்குத் தனி ஒதுக்கீடு, பேட்டைக்கு 5 விழுக்காடு, புளோக்குக்கு 8. தனியார் கொண்டோமினியத்தில் இந்த வரம்புகள் எதுவும் கிடையாது; லேக்சைட் நிலையத்தைச் சுற்றிய கொண்டோக்களில் சொந்தமாக வீடு வாங்க நம்மவர்கள் நினைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

வரப்போகிறது என்ற விலை

ஜூரோங் ஏரி வட்டாரம் நகருக்கு வெளியே மிகப் பெரிய வணிக மையமாகும் என்று 2008ல் திட்டம் வந்தது. கோலாலம்பூர் அதிவேக ரயிலின் முனையம் இங்கேதான் என்றார்கள். அதற்காக ஜூரோங் கண்ட்ரி கிளப் 2016ல் மூடப்பட்டது. 2021 தொடக்கத்தில் அந்த ஒப்பந்தமே முடிந்துபோனது. அந்தச் செய்தியை நம்பி விலை ஏற்றி வாங்கியவர்களுக்கு ரயில் வரவில்லை. 2024ல் வட்டாரத்தின் பெரிய மனைக்கு ஒரே ஓர் ஏலக் கேட்புதான் வந்தது. விலை போதாது என்று அரசு அதையும் ஏற்கவில்லை.

திட்டம் கைவிடப்பட்டதாகச் சொல்ல முடியாது. ஜூரோங் வட்டார ரயில் பாதை 2027 முதல் கட்டம் கட்டமாகத் திறக்கவிருக்கிறது. குறுக்குத் தீவுப் பாதையின் ஜூரோங் ஏரி வட்டார நிலையத்துக்கு 2032 என்று சொல்லியிருக்கிறார்கள். தோண்டிக்கொண்டிருக்கும் பாதைக்குக் கொஞ்சம் கொடுக்கலாம். படத்தில் மட்டும் இருக்கும் கோபுரத்துக்குக் கொடுப்பதற்கில்லை.

வீட்டுக்குள்ளே

யுவான் சிங் சாலைப் பக்கம் ஏரி கிழக்கே இருக்கிறது. ஏரியைப் பார்க்கும் ஹாலில் காலை வெயில். பின்னால் இருக்கும் அறைகள் பெரும்பாலும் மேற்கு. ஆகவே காலை பத்து மணிக்கு வீட்டைக் காட்டினால் போதாது, மாலை நான்கு மணிக்கு ஒருமுறை போய்ப் படுக்கையறைச் சுவரில் கை வையுங்கள். சூடு தெரியும். இரவு ஏர்கான் எவ்வளவு நேரம் ஓட வேண்டியிருக்கும் என்பதை அந்தச் சுவர் சொல்லிவிடும்.

அப்புறம் குளியலறைக் கூரையை அண்ணாந்து பாருங்கள். பழைய கழக வீட்டில் மஞ்சள் வளையமாக நீர்க்கறை, ஊதிப்போன சுண்ணாம்பு, வெடித்த கான்கிரீட்டுக்குள் துருப்பிடித்த கம்பி, மூன்றும் சகஜம். கூரையில் நீர் கசிந்தால் மேல் வீட்டுக்காரரும் கீழ் வீட்டுக்காரரும் சேர்ந்து பொறுப்பு. கழகத்தின் உதவித் திட்டத்தில் சேர்ந்தால் பாதிச் செலவைக் கழகம் ஏற்கும், மீதியை இரண்டு வீடும் ஆளுக்குக் கால் பங்கு. பணம் பெரிதில்லை, மேல் வீட்டுக்காரர் கதவைத் திறக்க வேண்டும். விற்பவரிடம் மேலே யார் இருக்கிறார்கள், இதைப் பற்றிப் பேசியிருக்கிறீர்களா என்று நேராகவே கேட்டுவிடுங்கள். புது வெள்ளை அடித்த கூரை ஒரே ஓர் அறையில் மட்டும் இருந்தால் இன்னும் அழுத்திக் கேளுங்கள்.

வீட்டு மேம்பாட்டுத் திட்டம் அந்த புளோக்குக்கு வந்துவிட்டதா என்பதையும் விசாரிக்க வேண்டும். குடிமக்களுக்கு அத்தியாவசியப் பழுது வேலைகள் இலவசம். குளியலறையை மாற்றுவது போன்ற விருப்ப வேலைக்கு நான்கறை வீட்டுக்காரர் 7.5 விழுக்காடுதான் கொடுக்க வேண்டும். திட்டம் முடிந்த வீட்டில் அந்த வேலை மிச்சம். இன்னும் வராத வீட்டில் உங்கள் சொந்தச் செலவில் புதுக் குளியலறை போட்டால், அடுத்த வருஷமே கழகம் வந்து மாற்றித் தருகிறேன் என்று சொல்லக்கூடும். லிஃப்ட் உங்கள் மாடியில் நிற்கிறதா என்றும் பாருங்கள். மிகச் சில பழைய புளோக்குகளில் இன்னும் எல்லா மாடியிலும் நிற்பதில்லை.

எல்லாம் சரியாக இருந்தால் உரிமைப் பத்திரத்துக்கு அதிகபட்சம் 1,000 வெள்ளி. அங்கிருந்து 21 நாள் உங்கள் கையில். மதிப்பீட்டு விண்ணப்பத்தை மறுநாளே போட்டுவிடுங்கள். கைக்காசு தாங்காது என்று தெரிந்தால் அந்த 21 நாளுக்குள் விலகலாம், போவது 1,000 வெள்ளியோடு முடியும். உறுதிசெய்துவிட்டால் முன்பணம் மொத்தமாக 5,000 வரை போகலாம். அதன் பிறகு இரு தரப்பும் விண்ணப்பம் போட்டு, கழகம் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து சுமார் எட்டு வாரத்தில் சாவி.